ஐந்துக்கும் ஐந்தரைக்கும் நடுவில்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை, ஒரு விண்ணப்பப் படிவத்தில் நான் நிரப்பிய ஒரே ஒரு பெட்டியிலிருந்து பிறந்தது. நிரப்பியது தப்பு. தெரியாமல் நிரப்பினேன் என்றால் அது பாதி உண்மை. எனக்குத் தெரியாது என்று தெரிந்தே நிரப்பினேன் என்பதுதான் முழு உண்மை.

என் பெயர் விஜிதரன். ஹட்டன் பஸ் ஸ்டாண்டுக்கு மேலே, படிக்கட்டு ஏறியதும் இடது கைப்பக்கம் என் கடை. போட்டோ கொப்பி, பிரிண்ட், லெமினேட், ஒன்லைன் விண்ணப்பம் எல்லாம் செய்வேன். யாருக்கும் தெரியாமல் கதையும் எழுதுவேன். இரண்டுக்கும் ஒரே கணினிதான். அதனால் என் கதைகளின் நடுவே யாருடையதோ அடையாள அட்டை இலக்கம் வந்து விழுந்துவிடுவதுண்டு. ஒரு பத்திரிகைக்காரர் அதைப் புதுமை என்று நினைத்து அப்படியே போட்டும் இருக்கிறார்.

இப்போது பிற்பகல் மூன்று பத்து. என் பக்கத்தில் பிளாஸ்டிக் கதிரையில் ஜெயந்தினி உட்கார்ந்திருக்கிறாள். வயது இருபது. அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தோட்டத்துப் பிள்ளை. இசைப் பட்டப்படிப்புக்காகக் கிழக்கில் ஒரு பல்கலைக்கழகம் நடத்திய செயன்முறைத் தேர்வின் முடிவு இன்று மூன்று மணிக்கு வெப்சைட்டில் வரும் என்றார்கள். நாடு முழுக்க எல்லோரும் ஒரே நேரத்தில் உள்ளே முட்டியதால் பக்கம் சுற்றிக்கொண்டே இருக்கிறது.

கிடைத்தால் நாலு வருடம் பாட்டுப் படிப்பாள். கிடைக்காவிட்டால் திங்கட்கிழமை கொழும்பில் ஒரு துணிக்கடையில் வேலைக்குச் சேரவேண்டும். அது பேசி முடித்தாயிற்று. போன வருடம் வேறொரு படிப்புக்கு எழுதிப் போட்டாள், கிடைக்கவில்லை. இன்னொரு வருடம் காத்திருக்க முடியாது என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள். அவளுடைய கடைசி பஸ் ஐந்தே காலுக்கு. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. கையைச் சும்மா வைத்திருக்க முடியாமல்தான் இதை எழுதுகிறேன்.

2

தொடக்கம், முதல் முயற்சி:

மூடுபனி போர்த்திய மலைகளின் மடியில், பச்சைக் கம்பளம் விரித்தாற்போல

அட ச்சீ. இங்கே பிறந்தவன் எவனும் கம்பளம் என்று சொல்லமாட்டான். அந்தக் கம்பளத்தில் இறங்கி நடந்தால் அட்டை கடிக்கும்.

இரண்டாம் முயற்சி:

ஜெயந்தினியின் தொண்டையில் கடவுள் ஒரு

"கடவுள வுட்டுருங்கண்ணே. அவரு வேற வேலையா இருப்பாரு," என்றாள் ஜெயந்தினி. எட்டிப் பார்த்து வாசித்துக்கொண்டிருக்கிறாள். இனிமேல் இந்தக் கதையை நான் தனியாக எழுதமுடியாது என்பது அப்போதே புரிந்துவிட்டது.

(கதாபாத்திரம் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது கதை எழுதிப் பாருங்கள். மாமியார் பக்கத்தில் நிற்கச் சமைப்பது மாதிரி.)

மூன்றாம் முயற்சி, படிவத்திலிருந்தே தொடங்குகிறது. அதை வைத்துக்கொண்டேன்.

3

மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை, ஜெயந்தினியும் அவளுடைய அம்மா நாகலெட்சுமியும் கடைக்கு வந்தார்கள். அம்மா கொழுந்து பறிக்கிறவர். அரை நாள் வேலைக்கு மட்டும் பெயர் போட்டுவிட்டு ஓடிவந்திருந்தார். மகள் எந்தப் படிப்புக்கு விண்ணப்பிக்கிறாள் என்பதை என் கடையில் வைத்துத்தான் சரியாக விளங்கிக்கொண்டார் போல.

"பாடுறதுக்கா டிகிரி?"

"ஆமாங்க. நாலு வருசம்."

"அப்ப நாங்க மலையில கத்துற கத்துக்கு இந்நேரம் பொரபசர் ஆகியிருக்கணுமே தம்பி!"

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தி, "படிச்சு முடிச்சா பள்ளிக்கூடத்துல வேல தருவாங்களா?" என்று மெதுவாகக் கேட்டார். தரலாம் என்றேன். தருவார்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஜெயந்தினிக்கு வேலையெல்லாம் காதில் ஏறவில்லை. பாடத்திட்டத்தைப் பிரிண்ட் போடச் சொன்னாள். பன்னிரண்டு பக்கம். சூடு ஆறுமுன் பிடுங்கி, கடையில் நின்ற எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தாள். "வாய்ப்பாட்டு ஒன்று. வாய்ப்பாட்டு ரெண்டு. மூணு, நாலு... அண்ணே, எட்டு வரைக்கும் போகுது! இசை வரலாறு. ஒலியியல். அம்மா, நாட்டார் பாட்டுக்கும் ஒரு பாடம் இருக்கு! காலைல எந்திரிச்சு நீங்க வேலைக்குப் பேர் குடுக்க பெரட்டுக்குப் போற மாதிரி நான் பாட்டுக்குப் போகணும். பிந்திப் போனா ஏசுவாங்க. பாடலன்னு ஏசுவாங்கம்மா!"

இவ்வளவு நாளும் பாடுகிறாள் என்றுதான் எல்லோரும் அவளை ஏசியிருக்கிறார்கள். பாடாததற்கு ஏச்சு வாங்கப்போகிறோம் என்று ஒரு பிள்ளை குதிப்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன். விண்ணப்பம் என்னுடையது மாதிரி நானும் கதிரையைக் கணினிப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

பெயர், முகவரி, பரீட்சைப் பெறுபேறு எல்லாம் நிரப்பினோம். கடைசிக்கு முந்தைய பெட்டி: பாடும் சுருதி. கீழே கட்டைகளின் பட்டியல். நாலு, நாலரை, ஐந்து, ஐந்தரை, ஆறு.*

"என்னம்மா போட?"

ஜெயந்தினி விழித்தாள். "அது... எங்க பெக்டரி காத்தாடிண்ணே."

* சங்கீதம் தெரியாதவர்களுக்கு, அதாவது என்னைப் போன்றவர்களுக்கு: பாடுகிறவர் எந்த உயரத்தில் 'ஸ' என்று ஆரம்பிக்கிறாரோ அதற்கு ஒரு எண் உண்டு. அதைக் கட்டை என்பார்கள். பின்னால் ரீங்காரம் போட்டுக்கொண்டே இருப்பது சுருதிப் பெட்டி. அதோடு ஒட்டவில்லை என்றால் எவ்வளவு நன்றாகப் பாடினாலும் கதை கந்தல்.

4

காத்தாடி விவகாரத்தை விளக்கவேண்டும்.

பள்ளிக்கூடத்தில் சங்கீத மிஸ் ஒருவர் இருந்தார். அவர் ஆர்மோனியம் வைக்க, இவள் பாடிக்கொண்டிருந்தாள். மிஸ் மாற்றலாகிப் போனார். ஆர்மோனியம் மிஸ்ஸுடையது, அதுவும் போய்விட்டது. வீட்டில் பாடலாம் என்றால் லயத்து வரிசை வீடுகளில் ஒரு சுவர்தான் நடுவில். "ஆரம்பிச்சிட்டாடி" என்று அடுத்த வீட்டிலிருந்து சத்தம் வரும். ஆகவே தேயிலைத் தொழிற்சாலைக்குப் பின்பக்கம் போனாள். பச்சைக் கொழுந்தை வாட்டுகிற மாடத்தில் பெரிய பெரிய காற்றாடிகள் ஓடும். அந்த இரைச்சலில் யார் பாடினாலும் யாருக்கும் கேட்காது. ஒளிந்துகொண்டு பாடத்தான் போனாள். இரண்டு வருடம் பாடிப் பாடி, அந்த மோட்டர்களின் 'ங்ங்ங்' அவளுக்கு 'ஸ' ஆகிவிட்டது. அதுதான் சுருதி என்று நிம்மதியாக இருந்துவிட்டாள். அதற்கு எண் இருக்கவேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

"பாடிக் காட்டு," என்றேன். பாடினாள். கடையில் இருந்த நாலு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு என்ன கட்டை தெரியும்? விறகுக் கட்டை தெரியும்.

பன்னிரண்டு வருடமாக இந்தத் தொழிலில் எனக்கு ஒரே சட்டம்: பெட்டி காலியாக இருக்கக்கூடாது. காலியாக விட்டால் சிவப்பு நட்சத்திரம் காட்டி, படிவத்தைத் திருப்பி அனுப்பிவிடும். தாத்தாவின் பிறந்த திகதி தெரியாதா? ஜனவரி ஒன்று போடு. இரத்த வகை தெரியாதா? நான் இங்கே எழுதக்கூடாது, ஆனால் அதற்கும் ஒன்று போட்டிருக்கிறேன். அதே கிழமை நுவரெலியாவிலிருந்து வந்த ஒரு பிள்ளை இதே படிவத்தில் ஐந்து என்று போட்டது ஞாபகம் வந்தது.

ஐந்து என்று அமத்தினேன். பச்சைச் சரி அடையாளம் வந்தது. அம்மாவும் மகளும் எனக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள்.

5

இந்த இடத்தில் எனக்கு ஒரு சந்தேகம். இந்தப் பிள்ளை ரொம்ப நல்லவளாகத் தெரிகிறாள். காற்றாடியோடு பாடுகிறாள், ஏச்சு வாங்க ஆசைப்படுகிறாள்... வாசகர் நம்புவாரா? கொஞ்சம் குறை சேர்க்கலாம் என்று

ஜெயந்தினி பிடிவாத

"ஏன் நிப்பாட்டிட்டீங்க? எழுதுங்க. பிடிவாதக்காரிதான்," என்றாள். "எங்க கோயில்ல மைக் புடிச்சுப் பாடுற அண்ணன்கிட்ட, அண்ணே ஒங்களுக்கு சுருதி இல்லன்னு எல்லார் முன்னாலயும் சொல்லிட்டேன். ரெண்டு மாசம் அவங்க வீட்டுல எங்களோட பேசல. அதையும் போடுங்க."

போட்டுவிட்டேன். மூன்று ஐம்பது. பக்கம் சுற்றுகிறது.

6

தேர்வு நடந்தது போன மாதம். நான் அங்கே இல்லை. ஆகவே இந்தப் பகுதி அவள் சொன்னது, நான் ஊதிப் பெருப்பித்தது, அவள் வெட்டியது.

மண்டபத்தில் மூன்று தேர்வாளர்கள். நடுவில் குணபூசணி என்ற விரிவுரையாளர், யாழ்ப்பாணத்துக்காரர். வெளியே நாற்பது பேர் வரிசை. படிவத்தைப் பார்த்து, சுருதிப் பெட்டியை ஐந்தில் வைத்தார்கள். ஜெயந்தினி ஆரம்பித்தாள். ஒட்டவில்லை. குரல் கொஞ்சம் மேலே நிற்கிறது. கீழே இறக்கினால் தொண்டை கேட்கவில்லை. ஐந்தரைக்கு மாற்றினார்கள். இப்போது குரல் கீழே நிற்கிறது.*

"ஐஞ்சு கட்டை எண்டுதானே நீர் எழுதிக் குடுத்திருக்கிறீர்? ஏன் பிள்ளை சேருதில்லை?" என்று கேட்டார் குணபூசணி.

அப்போது அவள் ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கடைக்காரர் போட்டது, எனக்குத் தெரியாது என்று. சொல்லவில்லை.

"என் பிழைதான் மிஸ்," என்று சொன்னாளாம்.

(இதை அவள் என்னிடம் போகிறபோக்கில் சொன்னாள். லெமினேட் மெஷினில் கை வைத்திருந்தேன், எடுக்க மறந்துவிட்டேன். விரலில் இன்னும் தழும்பு இருக்கிறது. அவமானத்தில் எனக்கு அழுகை வந்தது. சூடுபட்டதால் என்று சொல்லிச் சமாளித்தேன்.)

பிறகு நடந்ததைத்தான் எத்தனை தடவை எழுதினாலும் எனக்கு மயிர்க்கூச்செறிகிறது. பெட்டியைக் கொஞ்சம் நிறுத்தி, தேர்வாளர்கள் தங்களுக்குள் பேசினார்கள். மண்டபம் அமைதியானது. அந்த அமைதியில் ஜெயந்தினிக்கு ஒரு சத்தம் கேட்டது. தலைக்கு மேலே ஒரு பழைய டியூப் லைட், 'ங்ங்ங்' என்று. அவளுக்கு அந்தச் சத்தத்தைத் தெரியும். இரண்டு வருடம் அதோடு பாடியவளுக்குத் தெரியாதா?

"மிஸ், பெட்டி வேணாம். லைட்டு போதும்."

"என்ன?"

"அந்த லைட்டு மிஸ். அதுதான் என் சுருதி."

ஓரத்தில் இருந்த இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். குணபூசணி சிரிக்கவில்லை. நிமிர்ந்து விளக்கைப் பார்த்தார். காதைச் சாய்த்துக் கேட்டார்.

"லைற்றோ? சரி, பாடும் பாப்பம்."

கல்யாணி ராகத்தில் ஆலாபனை பாடினாள். ஆறு நிமிடம். இரண்டு பேரின் சிரிப்பும் எங்கே போனது என்று தெரியவில்லை.

முதல் வரைவில் நான் இப்படி எழுதியிருந்தேன்: குணபூசணியின் கண்களிலிருந்து இரு சொட்டுக் கண்ணீர்

"அந்த மிஸ் அழவே இல்லண்ணே," என்றாள் ஜெயந்தினி. "பேனாவுல மை வரலன்னு ஒதறுனாங்க. அப்புறம் எந்த ஊருன்னு கேட்டாங்க. சொன்னேன். மத்தவங்களுக்கு எழுதுனத விட எனக்கு நெறைய எழுதுனாங்க."

"நல்லதா, கெட்டதா?"

"தலைகீழா இருந்துச்சு. வாசிக்க முடியல."

* சுருதிப் பெட்டியில் நுணுக்கமாகக் கூட்டிக் குறைக்க ஒரு குமிழ் உண்டாம். அதை அவள் வாழ்க்கையில் முதல் தடவையாக அன்றைக்குத்தான் பார்க்கிறாள். கேட்கத் தெரியவில்லை. தேர்வாளர்கள் ஏன் திருகவில்லை என்று கேட்காதீர்கள். படிவத்தில் ஐந்து என்று தெளிவாக எழுதியிருந்தது.

7

தேர்வில் நடந்ததை அவள் வந்து சொன்ன அன்று, அவள் பஸ் ஏறியதும் யோகேஸ்வரனுக்கு போன் அடித்தேன். என் மனைவியின் தம்பி. பொல்பிட்டிய மின் நிலையத்தில் தொழில்நுட்பப் பக்கம் வேலை.

"மச்சான், பெக்டரி காத்தாடியும் டியூப் லைட்டும் ஒரே சத்தம் போடுமா?"

"போடும்தானே. நம்ம கரண்டு செக்கனுக்கு அம்பது தடவ ஆடுது. மோட்டரு, லைட்டு சோக்கு, ட்ரான்ஸ்போமரு எல்லாம் அந்தக் கணக்குலதான் முனகும்."

"இங்க மட்டுமா?"

"நாடு பூராவும் ஒன்னுதான். ஏன், யாருக்கும் ஷொக் அடிச்சிருச்சா?"

"எனக்குத்தான்டா!" என்று கத்திவிட்டு வைத்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அன்றைக்கு நான் பைத்தியக்காரன் மாதிரி கடைக்குள் சுற்றினேன். போட்டோ கொப்பி மெஷினில் காதை வைத்தேன். கேட்டது! பக்கத்துக் கடைக் குளிர்சாதனப் பெட்டியில் காதை வைத்தேன். கேட்டது! அந்தக் கடைக்காரர் ஜூஸ் வேணுமா என்று கேட்டார். ரோட்டுக்கு இறங்கி ட்ரான்ஸ்போமருக்குக் கீழே நின்றேன். ஹட்டன் முழுக்க ஜெயந்தினியின் 'ஸ'!

பிறகு போனில் ஒரு சுருதிச் செயலியை இறக்கி ஒப்பிட்டுப் பார்த்தேன். அது ஐந்துக்கு மேலே, ஐந்தரைக்குக் கீழே நின்றது. என் படிவத்தில் அதற்குப் பெட்டியே இல்லை. பிள்ளையிடம் பிழை இல்லை. இரண்டு வருடம் ஒரு மயிரிழை பிசகாமல் நின்றிருக்கிறாள். பிழை என் ஐந்தில்.

(பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் எழுதினேன். அனுப்பவில்லை. விண்ணப்பத்தில் பொய்யான தகவல் இருந்தால் நிராகரிக்கப்படும் என்று அதே படிவத்தின் கடைசி வரியில் இருக்கிறது. எனக்காகப் பிழையைத் தன் தலையில் போட்டுக்கொண்டவளை நானே மாட்டிவிட முடியுமா? இந்த ஒரு மாதமாகச் சாப்பாடு சரியாக இறங்கவில்லை.)

8

நாலு இருபது. பக்கம் இன்னும் திறக்கவில்லை. அதற்குள் முடிவுகளை எழுதிப் பார்த்துவிடுகிறேன்.

முடிவு அ: கிடைக்கிறது. தோட்டத்தில் தலைவர் மாலை போடுகிறார். தொழிற்சாலைக்காரர்கள் காற்றாடிக்குப் பொட்டு வைக்கிறார்கள்.

"பொட்டெல்லாம் வைக்க மாட்டாங்க. தோட்டத்துத் தொர ஏசுவாரு."

முடிவு ஆ: கிடைக்கவில்லை. கொழும்புத் துணிக்கடையில் நிற்கிறாள். மேலே நூறு டியூப் லைட். துணி மடித்துக்கொண்டே மெதுவாக

ஜெயந்தினி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இது அழகாக வந்திருக்கிறது என்று எனக்குத் தெரியும். பத்திரிகைக்காரருக்கும் பிடிக்கும். மலையகத்து ஆட்கள் நாங்கள் தோற்றுப்போனால் எழுத்தில் எப்போதும் அழகாகத்தான் வருகிறது. இந்த முடிவின் மேல் எனக்குக் கோபம் கோபமாக வருகிறது. முடிக்காமல் விடுகிறேன்.

முடிவு இ: பக்கம் திறக்கிற நேரம் பார்த்துக் கரண்டு போய்விடுகிறது.

"ஐயோ அண்ணே!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். "இது பச்ச ஏமாத்து. நான் படிக்கிற ஆளா இருந்தா புத்தகத்த வீசியிருப்பேன்."

9

நாலு ஐம்பது. திறந்துவிட்டது!

அவளுடைய சுட்டெண்ணை அடித்தேன். அடையாள அட்டை இலக்கத்தை அடித்தேன். கீழே நீல நிறத்தில் 'பெறுபேற்றைப் பார்வையிடுக'. அமத்தப் போனேன். ஜெயந்தினி மவுஸைப் பிடித்துக்கொண்டாள்.

"இருங்கண்ணே. மொதல்ல கதைய முடிங்க."

"முடிவு உள்ளுக்கு இருக்கும்மா. பாத்துட்டு எழுதுறேன்."

"பாத்துட்டு எழுதுனா அது நியூஸுதானே?"

"நான் என்ன எழுதினாலும் உள்ளுக்கு இருக்கிறது மாறாது."

"தெரியும். நான் என்ன சின்னப் பிள்ளையா? மூணு முடிவு எழுதுனீங்க, மூணுலயும் நழுவிட்டீங்க. ஒங்களுக்கு எது வேணும்? அதச் சொல்லுங்க."

வாசகருக்கு விட்டுவிடுவது ஒரு உத்தி என்று ஆரம்பித்தேன். அவள் மவுஸை விடவில்லை. பன்னிரண்டு வருடமாக அடுத்தவர்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டுக் கேட்டு நிரப்புகிறேன். உனக்கு என்னப்பா வேண்டும் என்று இந்தக் கடையில் எவரும் என்னைக் கேட்டதில்லை.

"நீ போகணும்மா," என்றேன். "நாலு வருசமும் போய்ப் படிக்கணும். கெடைக்கலன்னா எனக்குத் தாங்காது."

"அப்ப எழுதுங்க."

எழுதினேன்.

ஜெயந்தினிக்கு இசைப் பட்டப்படிப்புக்கு இடம் கிடைத்தது.

அவள் அந்த வரியை வாய்விட்டு வாசித்தாள். பிறகு இன்னொரு தடவை, மெதுவாக. கண் கலங்கியிருந்தது, முகம் முழுக்கச் சிரிப்பு.

"சரிண்ணே. இனி உள்ளுக்கு என்ன இருந்தாலும் பரவால்ல. ஒரு ஆளாவது எனக்கு எடம் குடுத்தாச்சு."

அமத்தினாள்.

பக்கம் திறந்து, அவள் வாசித்து, பஸ்ஸுக்கு ஓடியும் போய்விட்டாள். அங்கே என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும். உங்களுக்குச் சொல்லமாட்டேன். சொன்ன அந்த நிமிடமே என் வரி செய்தியாகிவிடும், இல்லாவிட்டால் பொய்யாகிவிடும். நான் அதை அந்த இரண்டில் எதுவாகவும் எழுதவில்லை.

இப்போது மவுஸ் உங்கள் கையில். பார்ப்பதற்கு முன்னால் சொல்லுங்கள். உங்களுக்கு எது வேண்டும்?